விற்றபின் யாருடையது?

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காடு பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1 அன்று அது சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டியவர்களில் தொடங்கி, மின்விலைப்பட்டியல் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது.

பினாங்கு கடைத்தெருவில் ஜவுளி விற்பவரின் கல்லாப் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். விழுக்காடு மட்டும் மாறினால் கணக்கு மென்பொருளின் திரையிலேயே திருத்திக்கொள்ளலாம். ஆனால் பொருள் சேவை வரியில், கொள்முதலின்போது கட்டிய வரியை விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து கழிக்க முடிந்தது. விற்பனை, சேவை வரியில் அந்தக் கழிவு கிடையாது. கணக்குப் போடும் முறையே மாறுவதால் நிரலுக்குள் கைவைத்தாக வேண்டும். நிரலர் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரலோ மென்பொருளை விற்றவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் கேட்பதுதான் விலை. அவர் தொழிலை மூடியிருந்தால் கணக்கையெல்லாம் புதிய மென்பொருளுக்கு ஏற்ற வேண்டியதுதான்.

இந்தப் பூட்டு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. கணினியின் தொடக்க காலத்தில் இயந்திரத்தோடு நிரலும் சேர்ந்தே வந்தது. ஐபிஎம் கணினி வைத்திருந்தவர்கள் 1955-இல் ‘ஷேர்’ என்று சங்கமே அமைத்து நிரல்களைப் பகிர்ந்துகொண்டார்கள். 1969-இல் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை வைத்தது. அப்போதும் மூலநிரல் பரவலாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. 1983-இல்தான் இனி கணினிக்கு மட்டுமே புரியும் இயங்குநிரல்தான் என்று அந்நிறுவனம் அறிவித்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கதையும் இதுவே. 1977-இல் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் அதன் மூலநிரலுக்கு உரை எழுதினார். பின்னர் உரிமத்தை இறுக்கி, வகுப்பில் மூலநிரலைப் பாடமாக நடத்தக்கூடாது என்றது யூனிக்ஸை உருவாக்கிய ஏடி&டி. மாணவர்கள் நகலெடுத்துப் படித்தார்கள்.

விற்பவர் தரப்பிலும் நியாயம் உண்டு. நாசி கண்டார் கடைக்காரர் தட்டோடு குழம்பின் பக்குவத்தையுமா கொடுக்கிறார்? இல்லைதான். ஆனால் அந்தச் சோறு அரை மணியில் உண்டு முடிகிறது. கணக்கு மென்பொருளோ இருபது ஆண்டு கடைக்குள் குடியிருக்கிறது. கடையின் வரவுசெலவு முழுவதும் அதன் வயிற்றில் இருக்கிறது. திருட்டுப் பயத்துக்குச் சட்டம் இருக்கிறது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளை இலக்கியப் படைப்பாகவே காக்கிறது. மூலநிரலைக் கொடுத்தாலும் அதைப் படியெடுத்து விற்பது குற்றமே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலியவர் கேட்டால் கதவு திறக்கிறது. எஸ்ஏபி நிறுவனம் தன் வணிகப் பயன்பாடுகளின் ஏபிஏபி மொழி மூலநிரலைப் பெருநிறுவனங்கள் படிக்கும்படியே தருகிறது. மைக்ரோசாஃப்ட் 2003-இல் அரசுகளுக்கு விண்டோஸ் மூலநிரலைக் காட்ட முன்வந்தது. ஆகவே முடியாது என்பதல்ல. சின்னக் கடைக்காரருக்குக் கேட்கும் பலம் இல்லை என்பதே உண்மை.

மலேசிய அரசு 2004-இல் பொதுத்துறைக்கென்று, மூலநிரலோடு கிடைக்கும் திறந்தமூல மென்பொருளுக்கான பெருந்திட்டம் வெளியிட்டது. தகுதி சமமாக இருந்தால் திறந்தமூலத்துக்கே முன்னுரிமை என்றது. பின்னர் அது தளர்ந்தது. அதுவும் அரசு அலுவலகங்களைப் பற்றிய பேச்சுதான். காசு கொடுத்து வாங்கும் வணிகரை அது தொடவில்லை. பினாங்கில் திறமைக்கும் குறைவில்லை. 1972-இல் பாயான் லெப்பாசில் இன்டெல் ஆலை வந்ததிலிருந்து சில்லுகளோடு வளர்ந்த தீவு இது. சில்லு பூட்டும் வேலையோடு தொடங்கிய இடத்துக்குப் பின்னாளில் வடிவமைப்பு வேலையும் வந்தது. நிரலைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை, திருத்தத்தான் வழியில்லை.

எல்லா மென்பொருளும் இலவசமாக வேண்டும் என்று கேட்கவில்லை. விலை இருக்கட்டும், பதிப்புரிமையும் இருக்கட்டும். வரிக்கணக்கு எழுதும் மென்பொருளை விற்பவர், வாங்கியவர் தன் கடைக்காகத் திருத்திக்கொள்ள மூலநிரலையும் சேர்த்தே தர வேண்டும். குறைந்தது, நிறுவனம் மூடினால் வாங்கியவருக்குப் போய்ச் சேரும்படி அதை மூன்றாமவரிடம் ஒப்படைக்க வேண்டும். வரிமுறையை மாற்றும் உரிமை அரசுக்கு உண்டென்றால், அந்த மாற்றத்தைச் சமாளிக்கும் வழியை வணிகருக்கு உறுதிசெய்யும் கடமையும் அரசுக்கே. அடுத்த வரி மாற்றத்தின் அறிவிப்பிலேயே இந்த விதியும் இடம்பெறட்டும்.