பாங்காக் போகிறீர்களா? ஒரு நாளைக் கடைவீதிக்கு ஒதுக்குங்கள்!



சோப்பு, எண்ணெய், டீத்தூள், பெயிண்ட் என்று எந்தச் சரக்கானாலும், "இத்தனை பெட்டி எடுத்தால் பாங்காக் பயணம் இலவசம்" என்று கம்பெனிகள் ஸ்கீம் போடுவது நமக்குப் பழகிப்போன சங்கதி. நம்மில் பலருக்கு முதல் வெளிநாட்டுப் பயணமே இப்படித்தான் அமைகிறது. நானும் அப்படித்தான் முதல் தடவை போனேன். மூன்று இரவு, நான்கு பகல். அதில் இரண்டு பகல் பட்டாயா கடற்கரையில் கழிந்தது. ஒரு பகல் பஸ்ஸிலும் ரத்தினக்கல் ஷோரூமிலும் போயிற்று. ஊர் திரும்பியதும் பக்கத்துக் கடைக்காரர், "அந்த ஊரில் மளிகைக்கடை எப்படி அண்ணாச்சி நடக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருடம் தராசு பிடித்தவனுக்கு இதைவிட வெட்கம் வேறு என்ன வேண்டும்?

உல்லாசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைத்தவன் நான்கு நாள் ஓய்வெடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த நான்கு நாளில் ஒரு முழு நாளாவது வியாபாரியின் கண்ணோடு அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. நம் தெருவில் இன்று நடப்பதைப் பாங்காக் நமக்கு முன்பே பார்த்துவிட்டது.

அங்கே நடந்தது என்ன?

நம் ஊர் மளிகைக்கடை போலவே தாய்லாந்திலும் குடும்பத்தோடு நடத்தும் சிறுகடைகள் உண்டு. 'சோ ஹுவே' என்பது அவற்றின் பெயர். பெரும்பாலும் சீன வம்சாவளியினர் நடத்துபவை. கீழே கடை, மேலே வீடு. 1989இல் பாங்காக்கின் பட்பாங் பகுதியில் செவன் இலெவன் முதல் கிளையைத் திறந்தது. அதே ஆண்டில் மாக்ரோ என்ற ரொக்க மொத்த விற்பனைக் கடையும் வந்தது. இன்று தாய்லாந்து முழுவதும் செவன் இலெவன் கிளைகள் 14 ஆயிரத்துக்கும் அதிகம். முக்குக்கு முக்கு பச்சை, சிவப்பு விளக்குப் பலகைதான்.

இதை அங்கே நடத்துவது சி.பி. என்ற தாய்லாந்துக் குழுமம். 2013இல் மாக்ரோவை வாங்கியதும், 2020இல் லோட்டஸ் பெருங்கடைகளைத் திரும்ப வாங்கியதும் அதே குழுமம்தான். சிறுகடைக்குப் போட்டியாளரும் அவரே, அதே சிறுகடைக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரியும் அவரே என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்தக் குழுமம் 1921இல் பாங்காக்கின் சீனர் கடைவீதியில் ஒரு காய்கறி விதைக் கடையாகத் தொடங்கியது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பெரியவன் எல்லாம் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல.

சிறுகடைகள் பல மூடப்பட்டன. ஆனால் எல்லாம் மூடப்படவில்லை. மீதி நிற்பவை எப்படி நிற்கின்றன என்பதைத்தான் நாம் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது?

விடியற்காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். முதலில் பாக் க்லோங் தலாட். ஆற்றங்கரையில் உள்ள பூ, காய்கறிச் சந்தை. இரவு பகல் ஓயாது. 2019இல் திறந்த சனாம் சாய் சுரங்க ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மல்லிகையையும் சாமந்தியையும் பிரித்து, கட்டி, அனுப்பும் வேகத்தைப் பாருங்கள்.

அங்கிருந்து நடந்தே சம்பெங் சந்துக்குப் போய்விடலாம். 1782இல் அரண்மனை கட்டுவதற்காக, அந்த இடத்தில் குடியிருந்த சீன வணிகர்களை அரசர் இங்கே மாற்றினார். இருந்த இடம் போயிற்று. தொழிலை அவர்கள் விடவில்லை. இன்று பாங்காக்கின் பேர்பெற்ற மொத்தச் சந்தைகளில் இது ஒன்று. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் சந்தில் தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் நுழையும். ஒன்று வாங்கினால் ஒரு விலை, மூன்றோ ஆறோ டஜனோ எடுத்தால் மொத்த விலை. பாஷை தெரிய வேண்டியதில்லை. கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார்கள். நீங்களும் தட்டிக் காட்டுங்கள்.

சம்பெங்கின் ஒரு பக்கம் யாவராட் நகைக்கடை வீதி, மேற்குக் கோடியில் பஹுராட். பஹுராட்டில் சீக்கியர்களின் ஜவுளிக் கடைகளும் குருத்வாராவும் உண்டு. சைவச் சாப்பாட்டுக்கும் அங்கே வழி இருக்கிறது.

மதியத்துக்கு மேல் சத்துசாக் பக்கம் உள்ள ஓர் டோர் கோர் சந்தைக்குப் போங்கள். விவசாய அமைச்சகத்தின் கீழுள்ள நிறுவனம் நடத்தும் சந்தை இது. காய்கறி, பழம், அரிசி, மசாலா எல்லாம் ஈரமில்லாத தரையில், வெளிச்சத்தில், விலைச்சீட்டோடு இருக்கும். ஒரே பொருள் வைக்கும் முறையால் எவ்வளவு மதிப்புப் பெறுகிறது என்பது அங்கே தெரியும்.

மாலையில் நீங்கள் தங்கியிருக்கும் தெருவுக்கே திரும்புங்கள். கால் மணி நேரம் செவன் இலெவனுக்குள் நில்லுங்கள். மின்கட்டணம் கட்ட வருபவர், சுடச்சுட ரொட்டி வாங்குபவர், நடுராத்திரியிலும் திறந்திருக்கும் கல்லா. பிறகு சந்துக்குள் நடந்து ஒரு சோ ஹுவே கடையைத் தேடுங்கள். ஐஸ், முட்டை, சில்லறை அரிசி, தெரிந்த முகத்துக்குக் கடன். பெரியவர் சந்தின் வாயைப் பிடித்தால் சிறியவர் சந்தின் வயிற்றில் இருக்கிறார். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்தவருக்கு, தம் கடையில் எதை மாற்ற வேண்டும், எதை மாற்றவே கூடாது என்பது புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், தாய்லாந்து அரசு 'பாதிக்குப் பாதி' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் வாங்கும் பொருளில் பாதி விலையை, நாளொன்றுக்கு 150 பாத் வரை அரசே செலுத்தியது. சிறுகடைக்கும் தெருவோர வியாபாரிக்கும் மட்டுமே அந்தச் சலுகை; சங்கிலிக் கடைகளுக்குக் கிடையாது. கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்தால் அரசாங்கமும் செய்யும் என்பதற்கு இது சாட்சி. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சரக்கு அனுப்பும் கம்பெனிகளோடு மல்லுக்கட்டும் நாம் இதை மனதில் வைக்க வேண்டும்.

புறப்படும் முன்

விசா விதி சமீப ஆண்டுகளில் பல முறை மாறியிருக்கிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல், வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கம்ப்யூட்டரிலேயே நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்பவரிடம் போகாதீர்கள். ஓட்டலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். போக்குவரத்து நெரிசலில் மாட்டினால் அரை நாள் காணாமல் போகும்.

சந்தையில் எழுதியிருக்கும் விலை பல சமயம் கிலோவுக்கு அல்ல, 'கீத்' என்ற அளவுக்கு. ஒரு கீத் என்றால் 100 கிராம். நகைக்கடையில் 'பாத்' என்றால் பணம் மட்டுமல்ல, எடையும்தான். சுமார் 15 கிராம். அங்கே தங்கம் 96.5 சதவீதச் சுத்தம். நம் 22 காரட் விலையோடு அப்படியே ஒப்பிட்டுக் கணக்குப் போடாதீர்கள். பாக்கெட்டில் ஆண்டு 2500க்கு மேல் இருந்தால் மிரள வேண்டாம். அது புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும்.

சைவர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடையைத் தேடுங்கள். மற்ற இடங்களில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விழும்.

"அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்று ஆட்டோக்காரர் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அந்த வண்டி போய் நிற்பது கல் விற்கும் கடையில்தான். பாதி விலைக்கு மாணிக்கம் தருகிறேன் என்பவனை நம் ஊரில் நம்புவோமா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஸ்கீம் பயணம் ஏற்பாடு செய்யும் கம்பெனிகளிடம், திட்டத்தில் ஒரு நாளைக் கட்டாயம் சும்மா விடுங்கள் என்று நம் சங்கம் எழுதிக் கேட்க வேண்டும். போய்வரும் ஒவ்வொரு உறுப்பினரும் மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும். கண்டது என்ன, தன் கடையில் செய்யப்போவது என்ன என்ற இரண்டே கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

இரண்டாம் முறை நான் என் சொந்தச் செலவில் போனேன். வந்ததும் செய்தது சின்ன வேலைதான். கடை வாசலை அடைத்த மூட்டைகளை உள்ளே தள்ளி, விளக்கை மாற்றி, எல்லாப் பொருளுக்கும் விலைச்சீட்டு வைத்தேன். கடன் நோட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரரின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நீங்களும் ஒரு பதிலோடு திரும்பி வாருங்கள்.