தானமன்று, உரிமை

உள்ளூராட்சிச் சபைகளும் அபிவிருத்தி ஸ்தாபனங்களும் கைகோத்துப் பொதுச் சேவைகளை வழங்கவேண்டுமென்று கூறப்படுகின்றது. கேட்பதற்கினிய இக்கூற்றை மலையகத்து லயன்களில் வைத்துப் பரிசீலிக்க விரும்புகின்றோம்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டங்கள் சபைகளின் பணிக்குப் புறத்தே நிறுத்தப்பட்டன. பிரஜாவுரிமை பெற்ற தொழிலாளர் சபைக்கு வாக்களித்தனர். ஆயின், சபைப் பணத்தில் அவர்தம் லயத்துக்கு ஒரு பாதையோ கிணறோ அமைக்க வழியில்லை. அந்த வெற்றிடத்திலேதான் தொண்டு ஸ்தாபனங்கள் புகுந்தன. அவை செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் தந்தவனை யார் பழிப்பார்? ஆனால், திட்டம் முடிந்ததும் ஸ்தாபனம் போய்விடும். உடைந்த குழாய்க்குப் பதில் சொல்ல எவருமிரார். நன்கொடையாளனை வாக்கினால் விலக்கவும் முடியாது.

2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டங்களிலும் சபைகள் பணியாற்றலாமென்றாயிற்று. எனினும், 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் 2025 மே வரை தேர்தல் நடைபெறவில்லை. மக்கள் பிரதிநிதிகளற்ற அந்த ஈராண்டில் இந்தக் 'கைகோப்பு' யாருக்கும் யாருக்குமிடையே நிகழ்ந்தது?

சபைகளிடம் பணமில்லை என்பர். அவ்வாறாயின், அரசாங்கத்திடமும் தேயிலையால் இலாபமீட்டுவோரிடமுமன்றோ முதலிற் கேட்கவேண்டும்! வெளியுதவி வரட்டும், அது சபையின் வரவு செலவுத் திட்டத்தினூடாக, சபையின் தீர்மானப்படி, மக்கள் கணக்குக் கேட்கத்தக்க வகையில் வரட்டும். தண்ணீர் தானமாக வரும்வரை தொழிலாளி இரப்பவரே. உரிமையாக வரும்போதுதான் அவர் பிரஜை.