பென் டிரைவுக்கு 38 மார்க்!

பள்ளிக்கூட இசை நாடகப் போட்டிக்கு என்னை ஜட்ஜாகக் கூப்பிட்டார்கள்.

‘‘ரசத்துல உப்பு இருக்கான்னு கேட்டாலும் ‘ம்’, இல்லையான்னு கேட்டாலும் ‘ம்’. நீங்க ஜட்ஜா?’’ என்றாள் மனைவி.

நான் பி.காம். சுருதி பிசகினால் தெரியாவிட்டாலும் கூட்டல் பிசகினால் தெரியும். அந்த தைரியத்தில் போய் உட்கார்ந்தேன். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பாட்டு 40, நடிப்பு 30, ஒப்பனை 20, மேடை அமைப்பு 10.

முதல் குழு, மீரா. தெர்மகோல் அரண்மனை, வாடகை நகை, ஜிலுஜிலு உடை. பாட்டோ தேன்! மயங்கிப்போய் 38 போட்டேன்.

அடுத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ‘வள்ளி திருமணம்’. 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே நாடக சபை நடத்தினாரே சங்கரதாஸ் சுவாமிகள், அவர் எழுதியது. ஒரு பொண்ணு ஆர்மோனியம் வாசிக்க, நாரதர் வேஷப் பையன் நிஜமாகவே பாடினான். மேல் ஸ்தாயிக்குப் போனான் பாருங்கள், குரல் ‘கிரீச்’சென்று உடைந்தது. ஹாலே சிரித்தது.

பையன் இரண்டு விநாடி நின்றான். ஆர்மோனியப் பொண்ணைப் பார்த்தான். அவள் சட்டென்று சுருதியை இறக்கிப் பிடிக்க, அதே பாட்டைக் கீழே எடுத்துப் பாடி முடித்தான். சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

நான் 22 போட்டேன். பிசகு பிசகுதானே?

தாள்களை வாங்கிக்கொண்டு போனபிறகு, பக்கத்திலிருந்த ரிட்டயர்டு பாட்டு டீச்சர் மெதுவாகச் சொன்னார். ‘‘பாடறவனுக்குத்தான் சார் பிசகும். பென் டிரைவுக்கு எப்படிப் பிசகும்?’’

‘‘மீரா பாடலையா?’’

‘‘வாயசைச்சா.’’

பகீரென்றது. அடுத்தவன் சொத்தை இவர்கள் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன்! அதுவும் பி.காம். படித்தவன்! ஓடிப்போய்க் கரஸ்பாண்டென்ட்டிடம் தாளைக் கேட்டேன். ‘‘கப்புல பேரே ஒட்டியாச்சு சார்’’ என்றார். ஆறு மார்க்கில் மீரா முதலிடம்.

‘ஜட்ஜ் ரெண்டு வார்த்தை பேசுவார்’ என்று மைக்கைக் கொடுத்தார்கள். ‘‘மீராவா நடிச்ச பொண்ணு பிரமாதம். ஆனா பாட்டுக்கு நான் போட்ட 38, ஒரு பென் டிரைவுக்குப் போட்டது. பிள்ளைங்க மேல தப்பில்லை. விசாரிக்காம போட்ட என் மேலதான் தப்பு’’ என்றேன். ஹால் சிரித்தது. கரஸ்பாண்டென்ட் சிரிக்கவில்லை.

வாசலில் நாரதர் காத்திருந்தான். ‘‘என் குரல் போயிடுச்சா சார்?’’

‘‘போகலைடா, வளருது. இந்த வயசுல குரல்நாண் நீளும், தடிக்கும். அதான் உடையுது. மகரக்கட்டுன்னு பேரு. அந்தக்கால பாய்ஸ் கம்பெனியில பசங்க பயந்து நடுங்கின விஷயம். ராஜபார்ட்டே கைவிட்டுப் போகும். உனக்குப் போனது ஒரு கப்புதான்.’’

‘‘அப்ப அடுத்த வருஷம் சரியாயிடுமா? நீங்கதானே சார் ஜட்ஜ்?’’

‘‘கண்டிப்பா!’’ என்றேன்.

இந்த வருஷ விழா அடுத்த வாரமாம். தெருவில் எல்லோருக்கும் அழைப்பிதழ் வந்துவிட்டது, என்னைத் தவிர. டிக்கெட் இல்லாத விழாதானே? பின் வரிசையில் போய் உட்காரப்போகிறேன். கண்டிப்பா என்று சொன்னேனே!