வலிய கப்பித்தான்

போர்வீரரை நினைவுகூர்வோர் பெரும்பாலும் அவர் வென்ற களங்களையே எண்ணுவர். அவர்தம் இல்லறத்தையும் நட்பையும் எண்ணுவோர் சிலரே. இவ்வாறு பாதியளவே நினைக்கப்படும் பெரியோருள் ஒருவர், திருவிதாங்கூர்ப் படைத்தலைவராய் விளங்கிய யூஸ்தாக்கியூஸ் டிலனாய் என்பவராவர். நெல்லைச் சீமையாராகிய நாம் கொற்கையின் பழம்புகழைப் பேசி மகிழ்கின்றோம். அதே சீமையின் களக்காட்டில் தம் மைந்தனைப் பறிகொடுத்த இவரையோ மறந்தொழிந்தோம்.

டச்சுக் கம்பெனியின் படையோடு வந்த டிலனாய், 1741ஆம் ஆண்டு குளச்சற் போரில் மார்த்தாண்டவர்ம மகாராஜாவிடம் சிறைப்பட்டார். பின்னர் அம்மன்னருக்கே ஊழியஞ்செய்ய இசைந்து, அவர் சேனையை ஐரோப்பிய முறையிற் பயிற்றினார்; உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார். குடிகள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றழைத்தனர். ஊழியம் மாறியும் அவர் தம் கத்தோலிக்க வேதத்தை மாற்றினாரல்லர்.

அரண்மனை ஊழியராயிருந்த நீலகண்ட பிள்ளை பெருந்துயருற்ற காலத்து, டிலனாய் அவருக்குப் பக்தனாகிய யோபுவின் சரித்திரத்தைக் கூறித் தேற்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் காட்டிய வழியே பிள்ளை நம் வடக்கன்குளத்திற்கு வந்து, 1745 மே 14ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தார். 2022 மே 15ஆம் நாள் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஈண்டு ஒரு வினா எழும். நண்பரைக் கொன்ற அரசுக்கு அதன்பின் இருபத்தைந்தாண்டு உழைத்தவரை நாம் எங்ஙனம் போற்றுவது? இவ்வினாவை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது வெறும் முகமனாகும். இவ்வொன்றையே பற்றிக்கொண்டு அவரைத் தள்ளுவது அநீதியாகும் என்பதே எம் கருத்து. புனிதர்க்குரிய மாலை அவருக்கு வேண்டா. விசுவாசத்திற்காக உயிரைக் கொடுத்தவர் தேவசகாயமே. ஆயினும் அவ்விளக்கில் முதற்றிரியை ஏற்றிய கை, வாளேந்திய டிலனாயின் கையன்றோ? ஆறுதல் மொழிந்தவரினும் அதனைக் கேட்டவர் உயர்ந்து நின்றார். தம்மினும் மேலாகப் பிறர் உயரக் காரணராதலும் சிறு தொண்டன்று.

அவர்தம் அரச ஊழியமும் விலையின்றிக் கழியவில்லை. மைந்தன் யோவான் 1765ஆம் ஆண்டு களக்காட்டுப் போரில் மாண்டான். மகனை இழந்தபின்னும் பன்னீராண்டு பணியாற்றி, 1777 ஜூன் முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். உதயகிரிக் கோட்டையினுள், சிதைந்த கோவிலில், அவரும் மனைவி மார்கரீத்தாளும் மகனும் ஒருங்கே துயில்கின்றனர். அவர் கல்லறை மீது இலத்தீனோடு நம் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் நாகர்கோவிற் பக்கம் செல்வோர் குளச்சல் வெற்றித்தூணைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, உதயகிரிக்கும் சென்று அத்தமிழெழுத்தைப் படித்தல் வேண்டும். காற்றாடிமலையையும் கண்டு வருதல் வேண்டும். தூணில் வீரரைக் காண்போம். கல்லறையில் கணவரையும் தந்தையையும் காண்போம். மலையில் அவர் தேற்றிய நண்பரைக் காண்போம். மூன்றையும் கண்டவரே வலிய கப்பித்தானை நினைவுகூர்ந்தவராவர்.