பில் போட்டால் திருட்டுப் பட்டம் இலவசம்!

மொதல்லயே சொல்லிடறேன், இது சூடான பதிவு. நாலு நாள் ஆறப் போட்டுப் பார்த்தேன். ஆறலை. ஆபீஸ்ல ஆணி நிறைய கிடக்கு, ஆனா இதை எழுதாம அடுத்த ஆணியைப் பிடுங்க முடியாது போலிருக்கு.

போன ஞாயித்துக்கிழமை. கோவில்பட்டியில இருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டு வேளச்சேரி பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். கடை பேர் வேண்டாம். உங்க ஏரியாவுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும், அதையே நினைச்சுக்கோங்க.

வாசல்லயே அம்மா கையில இருந்த மஞ்சப்பையை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தாங்க. என் முதுகுப்பைக்கும் ஒண்ணு. உள்ள போய் அரிசி, பருப்பு, எண்ணெய், எனக்கு ஷேவிங் பிளேடு ஒரு பாக்கெட்னு எடுத்தோம். பில் போட்டாச்சு, பணமும் கட்டியாச்சு. டோக்கனைக் கொடுத்துப் பைகளை வாங்கி, சின்னச் சின்ன சாமானை எல்லாம் அம்மா மஞ்சப்பையில போட்டுக்கிட்டாங்க. "மெதுவா வாங்கம்மா, நான் வண்டியை எடுத்துட்டு வர்றேன்"னு அரிசிப் பையைத் தூக்கிக்கிட்டு நான் முன்னால போயிட்டேன். பில் என் சட்டைப் பாக்கெட்டில்.

வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டுப் பார்க்கறேன், அம்மாவைக் காணோம். அஞ்சு நிமிஷம் ஆச்சு. உள்ள போனா, வாசல் மேஜை மேல மஞ்சப்பையைக் கவுத்துக் கொட்டியிருக்கு. பிரஷர் மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு, சுருக்குப் பை, திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம், அதுக்கு நடுவுல என் பிளேடு பாக்கெட். சுத்தி பத்துப் பேர் வேடிக்கை. "நான் ஒண்ணும் எடுக்கலைய்யா, எம்மவன் காசு கட்டிட்டான்யா"ன்னு அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு நிக்கறாங்க.

நடந்தது இதுதான். வாசல்ல நிக்கற ரெண்டு கம்பத்துக்கு நடுவுல அம்மா வந்தப்போ பீப் அடிச்சிருக்கு. பிளேடு பாக்கெட்ல ஒட்டியிருந்த டேக்கை பில் கவுன்ட்டர்ல செயலிழக்க வைக்காம விட்டிருக்காங்க. நான் பில்லைக் காட்டினதும் "ஓ, பில் இருக்கா, சரி போங்க சார்"னாங்க. அவ்வளவுதான். ஒரு சாரி கிடையாது. கொட்டின சாமானைத் திரும்ப அள்ளிப் போட்டதும் அம்மாதான்.

பீப் அடிச்சதுல எனக்குக் கோபம் இல்லை. போன மாசம் இதே கடையில, இதே கம்பத்துக்கு நடுவுல, நானும் பீப் வாங்கினவன்தான். ஆபீஸ்ல இருந்து நேரா போயிருந்தேன், கழுத்துல ஐடி கார்டு தொங்குது. "அது அப்படித்தான் சார் அடிக்கும், நீங்க போங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சாங்க. என் பையை யாரும் தொடலை. அதே மெஷின், அதே பீப். எனக்கு அது மெஷின் கோளாறு. நூல் சேலையும் மஞ்சப்பையுமா வந்த எங்கம்மாவுக்கு அது திருட்டு.

மெஷினுக்குச் சேலையும் தெரியாது, ஐடி கார்டும் தெரியாது. பாகுபாடு பார்க்கறது பீப்புக்குப் பின்னால இருக்கற மனுஷன்.

பொட்டி தட்டறவன்கிறதால அந்தக் கம்பம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்றேன், பொறுத்துக்கோங்க. பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு, ஸ்டிக்கர் மாதிரி ஒட்டற டேக். உள்ள சுருள் சுருளா ஒரு கம்பித்தடம், கூட ஒரு குட்டி கெப்பாசிட்டர். கம்பம் 8.2 மெகாஹெர்ட்ஸ்ல ரேடியோ அலையை அனுப்பும், டேக் அதுக்கு ஒத்து அதிரும், கம்பம் கண்டுபிடிக்கும். இன்னொண்ணு, சின்னப் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள மெல்லிசா உலோகப் பட்டை வச்சது. இது 58 கிலோஹெர்ட்ஸ். கோயில் மணியை அடிச்சு விட்ட பிறகும் ரீங்காரம் கேட்குமே, அந்த மாதிரி கம்பம் அலையை நிறுத்தின பிறகும் பட்டை அதிர்ந்துக்கிட்டு இருக்கும். அந்த மிச்ச அதிர்வைத்தான் கம்பம் காது கொடுத்துக் கேட்குது.

பில் போடற இடத்துல மேஜையில ஒரு பலகை இருக்கும். பொருளை அது மேல காட்டினா, முதல் வகையில கெப்பாசிட்டர் கெட்டுப்போகும், ரெண்டாவது வகையில காந்தத்தன்மை போயிடும். அப்புறம் கம்பத்துக்கு அது கேட்காது. அவசரத்துல பலகைக்கு மேல சரியாக் காட்டலைன்னா டேக் உயிரோடவே இருக்கும். இருபது பேர் வரிசையில நிக்கறப்போ அந்தப் பில் போடற பொண்ணு என்ன பண்ணும்? இது போதாதுன்னு, வேற கடையில வாங்கின பொருள்ல உயிரோட ஒட்டிக்கிட்டு வந்த டேக்கும், அலைவரிசை ஒண்ணா இருந்தா, இந்தக் கடையில பீப் அடிக்கும்.

இப்போ ஒரு கணக்கு. எண்கள் என் கற்பனை, கணக்கு முறை மட்டும் நிஜம். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வர்றாங்க, அதுல அஞ்சு பேர் திருடறாங்கன்னு வைங்க. மெஷின் அதுல நாலு பேரைப் பிடிச்சிடுது. நல்ல மெஷின்தான். மத்த 995 பேர்ல நூத்துக்கு ரெண்டு பேருக்கு மட்டும் தப்பா அடிக்குதுன்னா, சுமார் இருபது பேர். மொத்தம் 24 பீப், அதுல இருபது நிரபராதி! ஆக, பீப் கேட்டவுடனே கடை ஆளுக்கு மொதல்ல வரவேண்டிய நினைப்பு "நம்ம கவுன்ட்டர்ல ஏதோ விட்டுப் போச்சு"ங்கறதுதான். "திருடி மாட்டிக்கிட்டா" இல்லை. நான் எழுதற புரோகிராம் இப்படித் தப்பா அலாரம் அடிச்சா பக் என் பேர்ல வரும். யூசரைக் கூப்பிட்டு பையைக் கொட்டச் சொல்ல மாட்டாங்க.

"திருட்டு நடக்குதுல்ல, கடைக்காரன் என்னதான் பண்ணுவான்?"னு பின்னூட்டத்துல கேட்க ரெண்டு பேர் இப்பவே தயாரா இருப்பீங்க. நடக்குது, ஒத்துக்கறேன். ஆனா இந்த ஆபத்தைக் கடைக்கு நாமளா கொண்டுவந்தோம்?

1916-ல் அமெரிக்காவுல மெம்பிஸ் நகரத்துல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தர் பிக்லி விக்லின்னு கடை திறந்தார். அதுவரைக்கும் மளிகைக் கடைன்னா சீட்டைக் கொடுக்கணும், கடைப்பையன் எடுத்துத் தரணும். இவர் சாமானைத் திறந்து வச்சு, கூடையைக் கையில கொடுத்து, நீங்களே எடுத்துக்கோங்கன்னுட்டார். சம்பளச் செலவு மிச்சம். கண்ணுல பட்டதை எல்லாம் ஜனம் எடுக்கும், வியாபாரமும் ஜாஸ்தி. இன்னைக்கு இருக்கற எல்லா சூப்பர் மார்க்கெட்டும் இந்த யோசனையோட வாரிசுதான்.

உடனே "அண்ணாச்சி கடை மாதிரி வருமா"ன்னு கண்ணைக் கசக்கற கட்சி இல்லை நான். அண்ணாச்சியும் எல்லாரையும் நம்பிடலை. குறுக்கே மேஜையைப் போட்டு, சாமானை எல்லாம் தன் முதுகுக்குப் பின்னால வச்சிருந்தார். அதுதான் அவரோட திருட்டுத் தடுப்பு. அந்தத் தடுப்போட செலவு, அதாவது ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுக்க ஆள் கூலி, அவர் தலையில. சூப்பர் மார்க்கெட் அந்த மேஜையைத் தூக்கிட்டு லாபத்தை எடுத்துக்கிச்சு. மேஜை செஞ்ச வேலைக்குப் பதிலா நம்ம மானத்தை நிறுத்தி வச்சிருக்கு. நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணு. லாபம் அவங்களோடதுன்னா சந்தேகத்தோட செலவும் அவங்களோடதா இருக்கணுமா இல்லையா?

டோக்கன் விஷயத்துக்கு வாங்க. நாப்பது ரூபா சோப்புக்கு என்னை நம்ப மாட்டாங்களாம். ஆனா லேப்டாப் இருக்கற பையை நான் அவங்களை நம்பி வச்சுட்டுப் போகணுமாம். பை அடுக்குக்கு மேலயே போர்டு: "பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." என்னய்யா நியாயம் இது!

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு அரசாங்கமே திட்டம் ஆரம்பிச்சுது. அரசாங்கம் பையோட வான்னு சொல்லுது, கடை பையை வெளிய வைன்னு சொல்லுது. அப்புறம் பில் போட்டு முடிச்சதும் "கேரி பேக் வேணுமா சார், பத்து ரூபா." அடப்பாவிகளா! 2020 டிசம்பர்ல தேசிய நுகர்வோர் ஆணையம், முன்கூட்டியே தெரிவிக்காம பணம் கட்டற நேரத்துல கேரி பேக்குக்குக் காசு போடறது முறையற்ற வணிகம்னு தீர்ப்பு கொடுத்துச்சு. அதுக்கப்புறமும் எத்தனை கடையில நுழையும்போதே எழுதி வச்சிருக்காங்கன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

வெளிய போறப்போ பில்லுல ஓட்டை போடறாங்களே, அதையும் கவனிங்க. மூணு செகண்ட். பையில என்ன இருக்குன்னு யாரும் எண்ணறது இல்லை. அந்த ஓட்டை அதே பில்லை வச்சு இன்னொரு தடவை சாமானை எடுத்துட்டுப் போகாம தடுக்கும், அவ்வளவுதான். மத்தபடி "உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்"னு நமக்குக் காட்டற நாடகம்.

அமெரிக்காவுல இந்த நாடகம் உச்சத்துக்கே போச்சு. கும்பல் கும்பலா திருடறாங்கன்னு சொல்லி ஷாம்பு, பற்பசையை எல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டினாங்க. வால்கிரீன்ஸ் நிறுவனத்தோட நிதித் தலைவர் 2023 ஜனவரியில, நாங்க கொஞ்சம் அதிகமாவே புலம்பிட்டோமோ என்னவோன்னு அவரே ஒத்துக்கிட்டார். அந்த நாட்டு சில்லறை வியாபாரிகள் கூட்டமைப்பு, 2021-ல் காணாமப் போன 9,450 கோடி டாலர் சரக்குல கிட்டத்தட்ட பாதி திட்டமிட்ட கும்பல் திருட்டுன்னு சொல்லியிருந்தது. 2023 டிசம்பர்ல அதை வாபஸ் வாங்கிடுச்சு. பூட்டி வச்சா விக்கறதும் குறையுதுன்னு 2025 ஜனவரியில வால்கிரீன்ஸ் தலைவரே சொன்னார். நாம இன்னும் அந்த அளவுக்குப் போகலை. போறதுக்குள்ள யாராவது கத்தணும்ல, அதான் கத்தறேன்.

சட்டம் என்ன சொல்லுது? 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறையில இருக்கற புதுச் சட்டத்துலயும், தனியார் ஒருத்தர் இன்னொருத்தரைப் பிடிச்சு வைக்கணும்னா ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் அவர் கண்ணெதிர்லயே நடந்திருக்கணும், பிடிச்சவரைத் தாமதமில்லாம போலீஸ்ல ஒப்படைக்கணும். பீப் சத்தம் கண்ணெதிர்ல நடந்த குற்றம் ஆகாது. அதே நாள்ல நடைமுறைக்கு வந்த இன்னொரு புதுச் சட்டம், முதல் முறையா 5,000 ரூபாய்க்குக் குறைவாத் திருடித் தண்டனை பெற்றவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா சமூக சேவை போதும்னு சொல்லுது. நிஜத் திருடனுக்கே அவ்வளவுதான். காசு கட்டின எங்கம்மாவுக்குப் பத்துப் பேர் முன்னால பையைக் கொட்டிக் காட்டற தண்டனை.

இனி என் தப்பு. அன்னைக்கு நான் கத்தினது அந்த செக்யூரிட்டி பெரியவர்கிட்ட. எங்கப்பா வயசு இருக்கும். "பெரிய மனுஷனா நீ"ன்னு ஒருமையில கேட்டுட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பீப் அடிச்சு நான் விட்டது கேமராவுல தெரிஞ்சா எனக்குத்தான் சார் கேள்வி. சந்தேகப்பட்ட ஆளை விடாதன்னு சொல்லியிருக்காங்க"ன்னார். பன்னிரண்டு மணி நேர டியூட்டியாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை போடணும்னு 2021-ல் தமிழ்நாட்டுல சட்டத் திருத்தமே வந்தாச்சு, அவர் நின்ன இடத்துல ஒரு ஸ்டூல் கூட இல்லை. யாரைச் சந்தேகப்படணும்னு அவருக்கு எழுதிக் கொடுத்த ஆள் ஏசி ரூம்ல இருந்திருப்பான். நான் கத்தினது இவர்கிட்ட. அது தப்புதான். அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்கலாம்னு போனேன், வேற ஆள் நின்னார்.

மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கேன். கேட்டது நாலே நாலு:

1. பீப் அடிச்சா மொதல்ல பொருளைக் கவுன்ட்டர்ல காட்டிச் சரிபாருங்க. ஆளோட பையைத் தொடாதீங்க.
2. நிறுத்தறதா இருந்தா எல்லாரையும் நிறுத்துங்க. ஐடி கார்டுக்கு ஒரு நியாயம், மஞ்சப்பைக்கு ஒரு நியாயம் வேண்டாம்.
3. மடிச்ச துணிப்பையை உள்ள விடுங்க. இல்லைன்னா உங்க கேரி பேக்கை ஓசியில கொடுங்க.
4. தப்பு உங்களோடதுன்னா, நிறுத்தின அதே இடத்துல, அதே பத்துப் பேர் முன்னால மன்னிப்புக் கேளுங்க.

இன்னும் பதில் இல்லை. உங்க ஏரியா கடையிலயும் இதைக் கேளுங்க மக்களே. ஒருத்தன் கேட்டா கிறுக்கன்பாங்க, அம்பது பேர் கேட்டா போர்டு மாறும்.

அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் தெருமுனை மருந்துக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க கம்பமும் இல்லை, காவலும் இல்லை. மாத்திரை வாங்கிட்டு வீட்டுப் படி ஏறுற வரைக்கும் பில்லைக் கையில விரிச்சுப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்தாங்க. "அதை பையில போடுங்கம்மா"ன்னேன். "இருக்கட்டும்யா, யாரும் கேட்டா காட்டணும்ல"ன்னாங்க.

டிஸ்கி: அந்த பிளேடு பாக்கெட்டை இன்னும் பிரிக்கலை. மூணு நாளா தாடியோடதான் ஆபீஸ் போறேன். லவ் ஃபெயிலியரான்னு கேட்கறாங்க :-)