முன்பின் தெரியாத முகங்கள்



முதன் முதலாக அனுபவித்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் எமது பெண்களுக்கு எது நினைவுக்கு வரும்? முதல் நாள் பள்ளிக்கூடம், முதல் சம்பளம், முதல் சேலை எல்லாம் எங்களுக்கும் உண்டுதான். ஆனால் அவற்றைத் தள்ளிக்கொண்டு வேறு சில வந்து முன்னால் நிற்கும். முதல் இடப்பெயர்வு, பதுங்குகுழிக்குள் கழித்த முதல் இரவு, நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்ற முதல் நாள். இவற்றில் ஒன்றையேனும் நாங்கள் விரும்பித் தேடிப் போகவில்லை.

ஆகவே இம்மாதம், காசு கொடுத்து ரிக்கற் எடுத்து, விரும்பி ஏறிய ஒரு முதல் அனுபவத்தைப் பற்றிக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். அது புகையிரதப் பயணம்.

வடபகுதிக்குப் புகையிரதம் புதிதல்ல. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான பாதை 1905ஆம் ஆண்டிலேயே பூர்த்தியாகிவிட்டது. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் அதைக் 'கோச்சி' என்றே சொல்வார்கள். கோச்சி வாற நேரத்தை வைத்து உலையில் அரிசி போட்ட கதையெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. 1990 ஜூன் மாதத்தோடு அந்தச் சத்தம் நின்று போனது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. அதற்குள்ளே ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து, கல்யாணம் முடித்து, சிலர் கணவரையும் இழந்துவிட்டார்கள். புகையிரதத்தைப் புத்தகத்துப் படத்தில் மட்டும் கண்ட தலைமுறை அது.

இந்தியாவின் கடனுதவியோடு பாதை திரும்பப் போடப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்தது. யாழ்ப்பாண நிலையத்துக்கு அந்த நாட்களில் பயணம் போகாதவர்களும் வந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். (பாதுகாப்பில்லாத கடவைகளில் பிறகு எத்தனை உயிர்கள் போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருபத்துநான்கு வருடம் புகையிரதம் இல்லாத ஊரில், தண்டவாளத்தைக் கடக்க முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்ற பழக்கமே இல்லாமல் போயிருந்தது.)

நான் சொல்ல வந்தது பாதையைப் பற்றி அல்ல. பெட்டிக்குள் இருக்கும் மனிதர்களைப் பற்றி.

முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யுத்தம் எங்களுக்கு ஒரு பாடம் படிப்பித்திருந்தது. இவர் யாருடைய ஆள்? ஏன் எங்களைப் பார்க்கிறார்? போய் யாரிடம் சொல்லுவார்? சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு இருந்த தலையாட்டிகள் முன்னால் ஊரே வரிசையாக நடந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் பெண்கள் பஸ்ஸில் ஏறினால் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்ப்பதும் ஆபத்து, பார்க்கப்படுவதும் ஆபத்து.

2009க்குப் பிறகு வேறொரு பார்வையும் சேர்ந்தது. பிள்ளையைத் தொலைத்த தாய், கணவனைக் கையளித்த மனைவி, இவர்கள் சனக் கூட்டத்தைப் பார்க்கும் விதம் வேறு. ஒவ்வொரு முகத்திலும் ஒரு கணம் நின்று, அது இல்லை என்று கண்டு, அடுத்த முகத்துக்குப் போகும் கண் அது. சந்தையிலும் திருவிழாவிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் அந்தக் கண்ணை நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்களில் சிலருடைய கண்ணே அதுவாக இருக்கும். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதி ஆற்றிவிட முடியாது.

புகையிரதத்தில் ஏறியபோது நான் கண்டது என்னவென்றால், பெண்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். காலையில் ஏறினால் மத்தியானம் திரும்பும்வரை எதிரும் புதிருமாக இருந்தே ஆக வேண்டும். அடுப்பு இல்லை, உலை இல்லை, அலுவலகப் படிவம் இல்லை. கூப்பிட்டவுடன் எழும்பி ஓடவேண்டிய ஆட்களும் இல்லை. எங்கள் பெண்களுக்கு வேறு எந்த இடத்தில் இப்படி ஆறேழு மணித்தியாலம் கிடைக்கிறது?

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம், பொசன் போயாவை ஒட்டிய ஒரு நாள் நான் போன பயணத்தைச் சொல்கிறேன். எனக்கு அது முதல் பயணமல்ல. எதிரே இருந்தவர்களுக்கு முதல் பயணம்.

பளை தாண்டும்வரை ஒரு வயதான ஐயா நிலையங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார், யாரும் கேட்கவில்லை. கொடிகாமத்தில் முன்பு எங்கே தண்ணீர்க் குழாய் இருந்தது என்றுகூடச் சொன்னார். ஆனையிறவில் பேச்சை நிறுத்திவிட்டார். உப்பளப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் பரந்தன் வந்த பிறகுதான் திரும்பவும் வாயைத் திறந்தார். பெட்டியில் இருந்த ஒருவரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை.

கிளிநொச்சியில் முப்பது முப்பத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பத்து வயது மகளோடு ஏறினார். மகளின் கண்ணைக் காட்டக் கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். முன்பு இரண்டு தரம் இரவு பஸ்ஸில் போயிருக்கிறார்களாம். "பஸ்ஸில இவள் சத்தி எடுத்தே களைச்சுப் போவாள் அக்கா. அதுதான் இந்த முறை கோச்சியில போய்ப் பாப்பம் எண்டு" என்றார். புகையிரதம் அசைந்ததும் தாய் இருக்கையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார், மகள் சிரித்தாள். முறிகண்டி வந்தபோது தாய் வெளியே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "பஸ்ஸெண்டா இறங்கிக் கச்சான் வாங்கியிருக்கலாம்" என்று கவலைப்பட்டார்.

ஜன்னல் ஓரத்தில் ஓர் இளைஞன் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. ஒட்ட வெட்டிய தலைமயிர், காலுக்கிடையில் பச்சைப் பை. லீவில் ஊருக்குப் போகும் சிப்பாய் என்று பார்த்தவுடனேயே தெரியும். வயது இருபத்திரண்டு இருக்குமோ என்னவோ. அவனுடைய தலை மெல்ல மெல்லச் சரிந்து கம்பியில் இடிபடுவதையும், அவன் திடுக்கிட்டு எழும்பித் திரும்பவும் நித்திரையாவதையும் அந்தச் சிறுமி எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா, பன்னிரண்டு தரம்" என்றாள். தாய் சிரிக்கவில்லை. சிறுமியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனால் சிறிது நேரத்தின் பின் அவரும் எண்ணத் தொடங்கிவிட்டார் என்பதை நான் கவனித்தேன்.

ஓமந்தையைக் கடந்தோம். அங்கிருந்த சோதனைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டுவிட்டது. புகையிரதம் வேகத்தைக் குறைக்காமலே ஓமந்தையைக் கடப்பது, அங்கே மணித்தியாலக் கணக்கில் வெயிலில் நின்றவர்களுக்குத்தான் அதிசயம்.

வவுனியாவும் போய், மதவாச்சியும் கழிந்த பிறகு அந்தப் பெண் கைப்பையைத் திறந்தார். சின்னக் கண்ணாடி ஒன்றும் ஸ்ரிக்கர்ப் பொட்டு மட்டையும் எடுத்தார். மெரூன் நிறத்தில் சிறிய பொட்டு ஒன்றைக் கிள்ளி நெற்றியில் வைத்தார். ஒரு தரம் கழற்றி, நடுவுக்குச் சரியாக்கித் திரும்ப வைத்தார். மகள் தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு அம்மா" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்கு இது புதிதல்லப் போலும்.

நான் பார்த்ததை அந்தப் பெண் கண்டுவிட்டார். "ஊரிலயெண்டா கதைப்பினம் அக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவளின்ர அப்பா 2009இல..." என்று தொடங்கி, மிகுதியைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 விதவைகள் இருப்பதாக 2010ஆம் ஆண்டில் அரசதரப்பில் சொல்லப்பட்டது. பெரிய எண்தான். ஆனால் அந்த எண்ணில் ஒருத்தியாக ஒரு சிறிய கிராமத்தில் இருப்பது எப்படி என்று எண் சொல்லாது. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாள், யாருடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள், ஏன் புதுச் சட்டை, கல்யாண வீட்டில் ஏன் முன்னுக்கு நிற்கிறாள் என்று கேட்க ஊர் முழுவதும் கண்கள் உண்டு. அந்தக் கண்களில் பாதிக்கு மேல் பெண்களுடையவை என்பது எனது கணிப்பு. பொட்டு வைக்க வேண்டாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாததால் அதற்கு எதிராக எங்கே போய் முறையிடுவது என்றும் தெரியாது!

தெரிந்தவர்கள் நடுவில் இருப்பதுதான் பாதுகாப்பு, அந்நியர் என்றால் பயம் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கோ, தன்னை ஒருவருக்கும் தெரியாத ஒரு பெட்டிக்குள் வந்த பிறகுதான் தன் முகத்தைத் தனக்குப் பிடித்தமாதிரி வைத்துக்கொள்ள முடிந்தது. மதவாச்சி தாண்டும்வரை பொறுத்திருந்தார் பாருங்கள், வவுனியாவில் தெரிந்தவர் யாரும் ஏறக்கூடும் என்ற கணக்கு அது.

அநுராதபுரத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. பொசன் யாத்திரை முடித்து ஊர் திரும்பும் சனம். எல்லோரும் வெள்ளை உடுப்பு. நித்திரையின்றிச் சிவந்த கண்கள், பைகளில் போத்தலும் பாயும். ஒரு வயதான சிங்கள அம்மா எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கிளிநொச்சிப் பெண் ஒன்றும் பேசாமல் மகளை மடியில் இருத்திக்கொண்டு இடம் கொடுத்தார்.

எங்கள் பெண்களில் பலருக்கு மிக அருகில் வந்த சிங்களப் பெண்கள் என்றால் யார்? சோதனைச் சாவடியில் திரைக்குப் பின்னால் உடம்பைத் தடவிப் பார்த்த சீருடைப் பெண்கள். அதற்கு மேல் வேறு பழக்கம் இல்லை. இப்போது தோளோடு தோள் முட்டிக்கொண்டு ஒருவர் இருக்கிறார். அவருக்கு முழங்கால் உளைவு, அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். சற்று நேரத்தில் பையிலிருந்து தொதல் துண்டொன்றை எடுத்துச் சிறுமியிடம் நீட்டி, "கன்ன துவே" என்றார். சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் உடனே தலையாட்டவில்லை. பெட்டி இரண்டு மூன்று தரம் ஆடும் நேரம் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு தாய், "வாங்கு" என்றார். தனக்குத் தெரிந்த ஒரே சொல்லான "ஸ்தூதி"யையும் சொன்னார். அதற்கப்பால் இருவருக்கும் பாஷை ஓடவில்லை. ராகமை வரும்வரை கிழவி முழங்காலைத் தேய்த்தார், சிறுமி அவருடைய தோளில் நித்திரையாகிக் கிடந்தாள்.

இதை வைத்து இன ஒற்றுமை வந்துவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு துண்டு தொதலுக்கு அவ்வளவு சுமையை ஏற்றுவது நியாயமும் இல்லை. கேட்ட கேள்விகளுக்கு இன்னும் பதில் வராத தாய்மாருக்கு அது மறுமொழியும் ஆகாது.

எல்லா அந்நியரும் நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பயணிக்கும் பெண்களில் 90 வீதமானோர் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு 2017இல் வெளியிடப்பட்டது. உரசுகிறவன் பக்கத்தில் 'பாவம், இட நெருக்கம்' என்று பொறுத்திருக்கத் தேவையில்லை. சத்தமாகச் சொல்லுங்கள், இடம் மாறுங்கள், பக்கத்தில் இருக்கும் பெண்ணைக் கூப்பிடுங்கள். 1938 என்ற மகளிர் உதவித் தொலைபேசி இலக்கத்தை ரிக்கற்றோடு சேர்த்துப் பேர்சில் எழுதி வையுங்கள். தனியே நீண்ட பயணம் போகும் மகளுக்கும் எழுதிக் கொடுங்கள்.

மருதானையில் அந்தப் பெண் மகளை எழுப்பி, செருப்பைத் தேடிப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ் என்று கேட்டார், சொன்னேன். பெயரை நான் கேட்கவில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. பொட்டு நெற்றியில் அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது எந்த நிலையத்தில் கழற்றுவார் என்ற யோசனை மட்டும் எனக்குள் நின்றது.

சகோதரிகளே, நீங்கள் விரும்பிச் செய்த முதல் பயணம் எது? புகையிரதமாக இருக்க வேண்டும் என்றில்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குத் தனியே போன பஸ் பயணமும் பயணம்தான், முதன் முதலாகச் சைக்கிளில் வங்கிக்குப் போய் உங்கள் பெயரில் புத்தகம் திறந்ததும் பயணம்தான். வழியில் கண்ட யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், இன்னும் நினைவில் நிற்கிறாரா? எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள், போட மாட்டோம்.