மீட்கப்பட்ட பின்னும்

2010 ஆகஸ்ட் 5 அன்று சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் இடிந்து, 33 தொழிலாளர்கள் 69 நாட்கள் நிலத்தடியில் சிக்குண்டனர். அனைவரும் உயிருடன் மீண்டதை உலகம் கொண்டாடியது. அவர்களுள் பலர் பின்னர் உறக்கமின்மையாலும் கொடுங்கனவுகளாலும் அல்லலுற்றது அத்துணை பேசப்படவில்லை.

நம் நாட்டில் சுரங்கத் தொழிலாளருக்குக் குறித்த கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், செவித்திறனை அளக்கிறார்கள். “நன்றாக உறங்குகிறீர்களா?” என்னும் வினாவையும் அதே அக்கறையுடன் கேட்க வேண்டும் என்பது எம் கருத்து. கேட்பவர் மேலதிகாரியாக இருத்தல் கூடாது; வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தில் எவரும் உண்மை கூறார்.

மாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் இல்லத்தாரே. இரவுப்பணி முடித்து வந்தவர் பகலிலும் உறங்காமை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், குடி மிகுதல், பேச்சுக் குறைதல் ஆகியவற்றை ‘அவர் சுபாவம்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். (சுரங்கத்தில் நேர்ந்ததை மனைவி மக்களிடம் மறைப்பதே ஆண்மை என எண்ணுவோர் இன்றும் உளர்.) இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுமாயின் ஒரு நாளும் காத்திருக்க வேண்டா. நேரில் வரத் தயங்குவோர் டெலி மானஸ் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அவருக்காகக் குடும்பத்தாரும் பேசலாம்.